நாளுக்கு மூன்று அதிகாரம்

எங்கள் சாலோமி சித்தி எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே முப்பத்தைந்து வயதில்தான். பழகிய கையோடு, 1911 புத்தாண்டன்று ஒரு தீர்மானம் எடுத்தாள். அந்த வருடம் முடிவதற்குள் வேதாகமம் முழுவதையும் வாசித்துவிட வேண்டும். நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. திசையன்விளைப் பக்கத்து எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் அப்படி வாசித்து முடித்ததில்லை.

அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டாள். கிணற்றடியில் வாய் பார்த்து நின்றவள், முதல் ஆளாகக் குடத்தோடு திரும்பினாள். இரண்டு ஓலைக்கடகம் முடைகிற நேரத்தில் மூன்று முடைந்தாள். "சித்திக்கு இப்பம் நாலு கை" என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்.

வைகாசியில் சித்தப்பா அருமைநாயகம் பனையிலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சித்தி முணுமுணுத்து வாசிப்பது காதில் விழும், சொல் விளங்காது.

"ஏட்டி, கொஞ்சம் சத்தமாத்தான் வாசியேன். நானும் கேப்பேம்லா."

"சத்தமா வாசிச்சா மூணு ஓடாதுங்க. இந்த வருசம் முடியட்டும். பொறவு முதல்லருந்து உங்களுக்கே வாசிக்கேன்."

அவள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்திருந்தாள். வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள், படுக்கைப்புண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசத்தான் நேரம் இல்லை.

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு மத்தியானம் மறுபடியும் கேட்டார்.

"கூரையப் பிரிச்சி ஒரு முடவனக் கட்டிலோட ஏசுகிட்ட எறக்குனாவளாமே, அவனும் எந்திரிச்சி நடந்தானாமே, அத மட்டும் வாசிட்டி."

"அது போன வாரமே தாண்டிப் போச்சுங்க. நாளைக்குத் தேடி வாசிக்கேன். இன்னிக்கு இன்னும் ரெண்டு கெடக்கு."

இரண்டையும் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவருக்கு மூச்சில்லை. ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தும் அவளுக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே புத்தகத்தை எடுத்துவிட்டாள். இவளெல்லாம் ஒரு பெண்ணா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு மாதம் அவளோடு பேசாமல் திரிந்தேன். டிசம்பர் கடைசி நாள், சொன்னபடி முடித்தாள்.

புத்தாண்டுக் காலை ஆராதனையில் போதகர் அவளை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். "முழு வேதமும் வாசிச்சிருக்கியேம்மா, மனசில நின்ன வசனம் ஒண்ணு சொல்லு" என்றார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

சித்தி எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஒண்ணும் நிக்கலய்யா. சத்தமா வாசின்னு அவிய கேட்டாவ பாத்தீங்களா, அது மட்டுந்தான் நிக்கி."