பஞ்சு படாத இடம்

“…வலப்பக்கம் மட்டும் அப்பிக்கொண்டு வந்திருக்கிறீர், கோயில் மதிலுக்கு வெள்ளை அடிச்ச மாதிரி. கண்ணாடி பாக்கேல்லையோ, மச்சாள்?”

பூமணி மச்சாள் என் கணவரின் அக்கா. ஊர்காவற்றுறையில் இருந்து பட்டினத்துக்குப் போகும் பாய்வள்ளத்தில் ஏறி உட்கார்ந்ததும் இப்படிச் சொல்லிவிட்டு, தன் சேலைத் தலைப்பை நாக்கில் நனைத்து என் கன்னத்தைத் துடைத்தார். அவருடைய கை அசைவது எனக்குத் தெரிந்தது. துணி கன்னத்தில் படுவது தெரியவில்லை.

அது முதல் அறிகுறி. நோய் என்றால் நோகும் என்று நினைத்திருந்தவள் நான். எனக்கு வந்தது நோகாமல் வந்தது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது உடம்பில் ஓர் இடம் இப்படி ஊமையாகிக் கிடந்தால், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த நாட்களில், இப்போது நடக்கும் இந்த உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்னால், நாங்கள் கரம்பொனில் இருந்தோம். என் கணவருக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் சுருட்டுக்கடை. வருசத்தில் இரண்டு தரம் வீட்டுக்கு வருவார். வரும்போது ரோசாப்பூப் படம் போட்ட பவுடர் தகரம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிடுவார். அதற்குள் ஒரு பஞ்சும் இருக்கும். அந்தப் பஞ்சைக் கன்னத்தில் ஒற்றும்போது எனக்கு வயது குறையும்.

கணவரின் தாயான மாமியிடம், சாமான் வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு மச்சாளும் நானும் இடைக்கிடை பட்டினம் போவோம். சாமானும் வாங்குவோம்தான். ஆனால் வெளிக்கிடுவதே ஐயர் கடைக்காக. பெண்களுக்கென்று திரை கட்டிய பக்கம் ஒன்று அங்கே இருந்தது. நெய்த்தோசை, உழுந்து வடை, கடைசியில் கண்ணாடிக் கிளாசில் பால்கோப்பி. வீட்டில், ஊற்றிக் குடிக்க மூக்கு வைத்த மூக்குப்பேணியால் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். உதடு பட்டால் எச்சில் என்று மாமி பேணியைப் புளி போட்டு விளக்கச் சொல்லுவார். கடையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கிளாசின் விளிம்பில் உதட்டை வைத்து, சூடு பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சலாம்.

“தொண்டை மட்டும் என்ன தவம் செய்தது?” என்பார் மச்சாள். “உதட்டுக்கும் ஒரு பங்கு குடுப்பம்.”

என் வலது கன்னத்தில் வெற்றிலை அளவில் ஒரு திட்டு. நடுப்பகுதி வெளிறி, ஓரம் செம்பு நிறமாய்க் கொஞ்சம் தடித்திருந்தது. வள்ளத்தில் நடந்ததை மச்சாள் வீட்டில் சொன்னபோது மாமி என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

“காலமை மீன் திண்ட வயித்திலை பின்னேரம் பால்கோப்பியை ஊத்தினால், வெள்ளை பூக்காமல் முல்லையே பூக்கும்?”

மீனும் பாலும் ஒரே நாளில் ஒரே வயிற்றில் சேரக்கூடாது என்பது எங்கள் தீவுகளில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். நானும் நம்பினேன். அதனால் எங்கள் முதல் வைத்தியம் இதுதான்: ஐயர் கடை நின்றது, பவுடர் தகரம் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது, மீன் சட்டியும் பால் சட்டியும் ஒன்றையொன்று பார்க்காமல் நாள் பிரித்து அடுப்பேறின. மாதங்கள் போயின. திட்டு போகவில்லை.

பிறகு நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் போனோம். தேமல் என்று சொல்லி, கார்போக அரிசி அரைத்த பூச்சைத் தடவினார். “எரியும் பிள்ளை. பல்லைக் கடிச்சுக்கொண்டிரு.” நான் அவருடைய பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் அவர் குனிந்து பார்த்தார். தோல் கொப்புளம் கொப்புளமாய்ப் பொக்களித்திருந்தது.

“எரியேல்லையோ?”

“இல்லை. நல்ல குளிர்ச்சியாய்க் கிடக்கு.”

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார். நிறைய நேரம் கழுவினார். பிறகு என்னிடம் பேசாமல் மச்சாளைப் பார்த்துச் சொன்னார்: “இது தேமல் இல்லை. பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. ஊருக்குள்ளை ஒருத்தரோடையும் கதைக்காதேங்கோ.”

என்ன வருத்தம், என்ன நோய் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எல்லா வருத்தத்துக்கும் பெயர் உண்டு. பெயரை வாயால் சொல்லாத வருத்தம் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று வள்ளத்தில் மச்சாள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஆனால் கொண்டுவந்த பனையோலைக் கடகத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். எப்போதும் காலடியில் வைக்கிற கடகம் அது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். இருவரும் கடலைப் பார்த்தோம். நடுவழியில் காற்று விழுந்து பாய் தொங்கியது. ஏன் போகவில்லை என்று யாரோ முணுமுணுத்ததற்கு வள்ளம் ஓட்டிய தண்டையல், “காத்தைப் பேசினால் பாய் விரியாது, இருங்கோ” என்றார். அன்று முழுக்க அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

டாக்டர் இளம் வயதுக்காரர், மெல்லப் பேசுகிறவர். “கண்ணை மூடுங்கோ. நான் முகத்திலை தொடுற நேரம் விரலாலை அந்த இடத்தைக் காட்டுங்கோ.” இடது கன்னத்தில் இறகு ஒன்று பட்டது; காட்டினேன். நெற்றியில் பட்டது, காட்டினேன். அதன் பிறகு ஒன்றும் இல்லை. காத்திருந்தேன். வெளியே நடைக்கூடத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். மச்சாளின் காப்புகள் ஒருமுறை கலகலத்து நின்றன. இன்னும் ஒன்றும் இல்லை.

“தொடங்குங்கோ டாக்டர்,” என்றேன்.

“முடிஞ்சுது, அம்மா,” என்றார்.

கண்ணைத் திறந்தேன். அவர் கையில் இறகு இல்லை, ஊசி இருந்தது. மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

குட்டநோய் என்று டாக்டர் பெயரைச் சொன்னார். சொன்னது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். பெயர் வைத்ததோடு பேசலாம், பெயர் இல்லாததோடு என்ன பேசுவது? அதில் இரண்டு வகை உண்டு என்றார். ஒன்று நரம்பைப் பிடிக்கிற வகை, பெரும்பாலும் அடுத்தவருக்குப் பரவாது. மற்றது கிருமி நிறைந்த வகை, பரவும். எந்த வகை என்று அறிய என் காதுமடலில் சிறிதாய்க் கீறி நீர் எடுத்தார். மூக்கின் உட்புறத்திலும் சுரண்டி எடுத்தார் (அதைச் சாயம் போட்டுக் கிருமி காட்டும் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள்).

“கிருமி இருந்தால்?” என்று மச்சாள் கேட்டார்.

“சட்டப்படி பிரிச்சு வைக்க வேண்டிவரும். கிழக்கிலை ஒரு தீவிலை அதுக்கெண்டு இடம் இருக்கு.”

தீவில் பிறந்து தீவில் வாழ்க்கைப்பட்டவள் நான். இன்னொரு தீவு என்ற சொல் அப்படிப் பயமுறுத்தும் என்று அதுவரை தெரியாது. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவளுக்குச் சுருள் தலைமுடி, என்னைத் தவிர யார் சீவினாலும் அழுது குளறுவாள். அந்தத் தலையை இனி யார் சீவுவது என்பதைத் தவிர வேறொன்றும் எனக்கு நினைக்க வரவில்லை.

வெளியே வரும்போது மச்சாள் திரும்பிப் போய் டாக்டரிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. “டாக்டர், நான் ஒருநாள் சேலையை நாக்கிலை நனைச்சு அந்த இடத்தைத் துடைச்சுப்போட்டன்…”

“அதாலை ஒண்டும் வராது.”

“நானும் பிள்ளைகுட்டிக்காரி, டாக்டர்.”

“ஓம். ஒண்டும் வராது.”

எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய பயமும் என்னுடைய பயமும் ஒரே கடையில் வாங்கிய துணிதான். திரும்பும் வள்ளத்திலும் கடகம் நடுவில் இருந்தது.

முடிவு வரும் வரை இருந்த வாரங்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. பரியாரியார் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனாலும் கிணற்றடிக்கு நான் போனால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று அடுப்பு நினைவுக்கு வரும். மாமி பிள்ளைகளின் பாயை வீட்டின் மறு கோடிக்கு மாற்றினார். மாற்றும்போது அழுதார், அதையும் சொல்ல வேண்டும். என் கணவர் செய்தி கேட்டு ஓடி வந்தார். புதுப் பவுடர் தகரம் ஒன்றை மேசையில் வைத்தார். கையில் தரவில்லை. அவர் கடைக்குத் திரும்பிப் போன பிறகு வெகு நேரம் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு கேட்கப் போன நாளில் எங்களைச் சுவரோர மர வாங்கில் இருத்திவிட்டு டாக்டர் வேறு யாரையோ பார்க்கப் போனார். மச்சாள் தெரிந்த தெய்வங்களையெல்லாம் நயினாதீவில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு முடித்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். வந்தவர் உட்காராமலே சொன்னார்.

“கிருமி இல்லை. பரவாத வகை. வீட்டிலை இருந்துகொண்டு ஊசி போடலாம்.”

மச்சாள் சுவரில் சாய்ந்தார். என் வாயில் இருந்து வந்த முதல் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

“பவுடர் பூசலாமோ, டாக்டர்?”

“கழுத்துக்குக் கயிறு வருமோ எண்டு நாங்கள் நடுங்கிறம், இவ சங்கிலி கேக்கிறா!” என்றார் மச்சாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார்: “கட்டாயம் பூசுங்கோ. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பூசுங்கோ. பஞ்சு எதுவரைக்கும் படுறது தெரியுது, எங்கை தெரியாமல் போகுது எண்டு பாருங்கோ. உங்களுக்குத்தான் அது முதலிலை தெரியும்.”

அன்று முதல் பவுடர் தகரம் மேல்தட்டில் இருந்து இறங்கியது.

வைத்தியம் நீரடிமுத்து எண்ணெய். வாரந்தோறும் அதைத் திட்டைச் சுற்றித் தோலுக்குள் ஊசியால் ஏற்றுவார்கள். ஓரத்தில் குத்தும்போது உயிர் போகும்; நடுவில் குத்தினால் ஒன்றும் தெரியாது. முகம் வீங்கி, சில நாள் காய்ச்சலும் வரும். வீங்கின முகத்தோடு ஐயர் கடையைக் கடந்து துறைக்கு நடப்போம். நெய் வாசம் தெருவரை வரும். “என்ரை வயிறு ஆருக்கு என்ன செய்தது?” என்று மச்சாள் புறுபுறுப்பார், ஆனால் நான் உள்ளே வரமாட்டேன் என்று தெரிந்து நிற்காமல் நடப்பார். ஒரு வாரமும் அவர் என்னைத் தனியே அனுப்பவில்லை. ஒரு வாரமும் கடகத்தை நடுவில் இருந்து எடுக்கவும் இல்லை.

காலையில் கண்ணை மூடிப் பஞ்சை ஒற்றுவேன். காதோரத்தில் தெரியும், தெரியும், பிறகு பஞ்சு எங்கோ போய்விடும். மூக்கருகில் திரும்பி வரும். அந்தக் காணாமல் போகும் தூரத்தைத்தான் அளந்துகொண்டிருந்தேன். மாரி போய்க் கோடை வந்தது. வெற்றிலை அளவு சுருங்கியது. ஒருநாள் நடுவில் ஊசி ஏறியபோது நான் அலறிவிட்டேன். தாதி பயந்துபோனார். “இந்தச் சத்தத்துக்குத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தனான்,” என்றார் டாக்டர். வலித்ததற்காக நான் ஆனந்தப்பட்டு அழுதது அந்த ஒரு முறைதான்.

இனி ஊசியை இடைவெளி விட்டுப் போடலாம், எல்லோரோடும் இருந்து சாப்பிடலாம், குடிக்கலாம் என்று அவர் சொன்ன நாளில், ஐயர் கடை வாசலில் மச்சாள் நின்றார்.

“எனக்கு ஏலாது மச்சாள், ஆக்கள் பாப்பினம்.”

“பாக்கட்டும். பவுடர் பூசினது பின்னை என்னத்துக்கு?”

திரைக்குள் நீள வாங்கில் உட்கார்ந்தோம். கடகம் நடுவில் ஏறிக்கொண்டது. எதிரே எங்கள் வள்ளத்தில் வந்த ஒரு பெண், வேலணைக்காரி, தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தன் இலையை மெல்லத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். பால்கோப்பி வந்தது. கிளாசின் விளிம்பைப் பார்த்தேன். இத்தனை மாதமும் நான் ஆசைப்பட்டது அந்த விளிம்புக்குத்தான். அந்தப் பெண் சாப்பிடாமல் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னால் முடியவில்லை. கிளாசைத் தூக்கி அண்ணாந்து ஊற்றினேன். மூக்குப்பேணிக்கு மூக்கு இருக்கிறது, கிளாசுக்கு இல்லை. கோப்பி வாய்க்கோடியில் பட்டு வலது கன்னத்தில் வழிந்தது.

சூடு! அது ஓடுவது எனக்குத் தெரிந்தது. கன்னத்தில் சுட்டுக்கொண்டே போய், நடுவில் ஒரு புளியங்கொட்டை தூரம் காணாமல் போய், தாடையில் திரும்ப வந்து சுட்டது. ஒரு கணம்தான். எனக்கு அது பட்டினத்தில் இருந்து கரம்பொன் போய்ச் சேர்ந்த நேரம் போல இருந்தது. அந்தப் புளியங்கொட்டை இன்றைக்கும் அங்கே இருக்கிறது. யுத்தத்தால் பவுடர் கிடைப்பதில்லை. வெறும் பஞ்சைத்தான் காலையில் ஒற்றிப் பார்க்கிறேன். மற்றவர்களுக்கு முகம் ஒரு முகம். எனக்கு அது கரையும் கடலுமாய்த் தெரியும். பஞ்சு எட்டுகிற ஒவ்வோர் இடத்தையும் வந்து சேர்ந்த கரையாக எண்ணிக்கொள்கிறேன். உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருந்தால், ஒளிக்காமல் போய்க் காட்டுங்கள். காட்டிவிட்டு வந்து பூசுங்கள்.

அன்று கோப்பி தாடையில் இருந்து சொட்டியது. நான் துடைக்கவில்லை, சூட்டை விட மனமில்லை. மச்சாள் எதிரே இருந்தவளை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பூசின பவுடரிலை வாய்க்கால் வெட்டி வைச்சிருக்கிறீர், மச்சாள். இஞ்சாலை திரும்பும்.”

சொல்லிவிட்டுக் கடகத்தைத் தூக்கிக் காலடியில் வைத்தார். நெருங்கி வந்து உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை எடுத்து, நாக்கில் நனைத்தார்.