கடலுக்கு அடுத்து மானம்

ஒரு சொல் ஊருக்கு ஊர் பொருள் மாறுவதை அகராதி தொகுப்பவர்கள் குறித்துக்கொள்வார்கள். அந்தச் சொல்லை நம்பி ஒரு பெண் தன் வகுப்பைத் தேர்ந்துகொண்டதை எந்த அகராதியும் குறிக்காது. ஆகவே, கேட்ட சூடு ஆறுமுன் இங்கே எழுதி வைக்கிறேன்.

காஞ்சிபுரத்தை அடுத்த பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்துக்கு நான் அவ்வப்போது போய்வருவது உங்களுக்குத் தெரியும். மாலையில் உத்திரமேரூர்ப் பேருந்து. சன்னலோரம். வயல்களுக்கு மேல் ஒளி மெல்ல மஞ்சளாகி, பிறகு பெயர் சொல்ல இயலாத ஒரு நிறமாகும் வேளை. கையில் நூல் இருக்கும், படிப்பதில்லை.

அந்தப் பேருந்தில் இரண்டு பெண்கள் வருவார்கள். காவாந்தண்டலத்துக்குப் பிரியும் இடத்தில் இறங்குபவர்கள், இளங்கலை முதலாண்டு. ஒருத்தி கோமதி — நிலபுலமுள்ள குடும்பம், வாய்த்துடுக்கு. மற்றவள் பச்சையம்மாள். ஊர்க்கோடிக் குடியிருப்பில் வீடு. தாயும் தந்தையும் கூலிக்கு வயல்வேலை செய்பவர்கள். விடுமுறையில் இவளும் நடவுக்குப் போவாள். அந்தக் குடியிருப்பிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதற்பெண்.

முதலாண்டு மாணவர்கள் தம் பாடத்தோடு ஒரு 'செமினாரும்' தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே இவ்வாண்டு வந்த ஏற்பாடு. கருத்தரங்கு என்று நான் திருத்தினேன், கோமதி சிரித்தாள். சிலர் வட்டமாக அமர்ந்து பேசும் வகுப்பாம். தேர்வு இல்லை. எது விருப்பமோ அதை எடுக்கலாம். பிடிக்கவில்லையேல் ஒரு வாரத்துக்குள் மாறிக்கொள்ளலாம்.

எது விருப்பமோ அது... பச்சையம்மாளிடம் அதுவரை யார் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்?

அறிவிப்புப் பலகையில் தலைப்புகள் யாவும் ஒற்றைச் சொல்லாக இருந்தனவாம். கணிப்பொறி. உணவு. கடல். மானம். கோமதி கணிப்பொறியை எடுத்தாள் — அமெரிக்கக் கனவுள்ளவர்கள் இந்நாளில் வேறு எதை எடுப்பார்கள்? பச்சையம்மாள் 'மானம்' எடுத்தாள்.

தொண்டை நாட்டு வாசகர்கள் இந்நேரம் புன்னகைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் வானந்தான் மானம். மழைக்கு முன் மானம் கறுக்கும்; மழையை நம்பிய நிலம் மானம் பார்த்த பூமி. கடலுக்கு அடுத்து மானம் என்று எழுதியிருந்தால் அவள் வேறென்ன நினைப்பாள்? மேகம், மின்னல், விண்மீன் பற்றியெல்லாம் பேசப்போகிறோம் என்று சில நாள் கனவிலேயே நடந்தாள். பேருந்தில் அவள் பார்வை எப்போதும் மேல்நோக்கியே இருந்ததன் காரணம் எனக்குப் பின்னரே விளங்கியது.

அங்கே எழுதியிருந்த மானமோ தன்மதிப்பு. மெய்யியல் துறையின் கருத்தரங்கு.

முதல் வகுப்பு நடந்த மாலை பச்சையம்மாள் முகம் வாடி அமர்ந்திருந்தாள். நடந்ததைக் கோமதிதான் எனக்குச் சொன்னாள். பிறர் முன் தலைகுனிந்து நிற்க நேர்ந்தவனுக்கு மானம் உண்டா என்று பேராசிரியர் கேட்டாராம். இவள் எழுந்திருக்கிறாள்.

“இன்னாடி சொன்ன? ஐயாகிட்டயும் சொல்லு,” என்று கோமதி சீண்டினாள்.

பச்சையம்மாள் சன்னல் கம்பியைப் பார்த்தபடி சொன்னாள்: “குனிஞ்சாலும் மானம் தெரியும் சார்னு சொன்னேன். நடவு நடுறப்ப நாள் முச்சூடும் குனிஞ்சிக்கினுதான் இருப்போம். காலுக்குக் கீய தண்ணியில மானம் முழுசாக் கீதே.”

வகுப்பே சிரித்ததாம். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாராம். அவருக்குச் சினம் என்றே இவள் எண்ணிக்கொண்டாள்.

“மானம் படிக்கப் போயி மானமே போச்சு,” என்றாள் கோமதி.

மறுநாள்தான் மாறிக்கொள்வதற்குக் கடைசி நாள். கணிப்பொறிக்கே போய்விடுவதாகவும், இனி எந்த வகுப்பிலும் வாய் திறப்பதில்லை என்றும் பச்சையம்மாள் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏன் ஐயா, நாங்க பேசறது தப்பா?”

தவறில்லை என்றேன். வகரம் மகரமாகத் திரிவது தமிழில் புதிதன்று என்று தொடங்கினேன்... பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் கேட்டது இலக்கணமா? வகரம் திரிந்ததை விளக்கினால் அந்தச் சிரிப்பொலி அவள் காதைவிட்டு அகலுமா?

பேருந்து ஏரிக்கரை வளைவில் திரும்பியது. நீர் அசையவில்லை. மாலை வானம் முழுவதும் அதற்குள் கவிழ்ந்து கிடந்தது. மூவருமே பார்த்தோம். எத்தனையோ ஆண்டுகளாக அவ்வழியே போகிறேன். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வானங்களுக்கு நடுவே அந்தப் பேருந்து மிதந்து போவதாக அன்றுதான் தோன்றியது. விழித்திருக்கிறேனா, உறங்குகிறேனா? நடத்துநரின் விசில்தான் எங்களை இறக்கிவிட்டது — அவர்களைச் சாலையில், என்னை இருக்கையில்.

மறுநாள் மாலை பச்சையம்மாள் ஏறி, எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்தாள். கேட்கலாமா, கூடாதா? கேட்டேன்.

“மாத்தல ஐயா.”

மாற்றிக்கொள்ளத்தான் போயிருக்கிறாள். கணிப்பொறி அறையின் கதவைத் திறந்து பார்த்தாளாம். குளிரூட்டிய அறை. சன்னல்கள் அனைத்தையும் அட்டை வைத்து அடைத்திருந்தார்களாம்.

“உள்ள போனா மய பேயுதா வெயில் அடிக்குதான்னே தெரியாது ஐயா. அந்த சார் ரூம்புல ரெண்டு பக்கமும் சன்னல் கீது. சிரிக்கறவங்க சிரிச்சிக்கினு போறாங்க. நான் மானத்தப் பாத்துக்கினே பேசுவேன்.”

“அப்போ அமெரிக்காவுக்கு நான் தனியாத்தான் போவணுமாடி?” என்றாள் கோமதி.

“போயிட்டு வா. அங்கயும் இதே மானந்தான் கீது.”

வகரம் மகரமாவது பற்றி நான் சொன்னதில் பிழை இருக்கலாம். வானத்தை மானம் என்னும் வழக்கு வேறு எவ்வூர்களில் உண்டு என்பதையும் முற்ற அறியேன். அறிந்தவர்கள் அன்புகூர்ந்து எழுதித் திருத்துங்கள். அந்தப் பெண் வகுப்பில் சொன்ன விடையை மட்டும் திருத்த வேண்டா — நான் முயன்று பார்த்துவிட்டேன். ஒரு சொல்லும் அசையவில்லை.