மூக்கை நம்பி வந்த கேன்

என் சித்தி பால் சேகரிப்பு நிலையத்தில் மோந்து பார்க்கும் வேலை செய்கிறார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது நிஜமான வேலைதான். பால்காரர்கள் கேன்களை வரிசையாக வைப்பார்கள். சித்தி ஒவ்வொரு மூடியாகத் திறந்து குனிவார். முகம் சாதாரணமாக இருந்தால் பால் பெரிய தொட்டிக்குப் போகும். சுளித்தால் கேன் வந்த வழியே திரும்பும். புளிக்கத் தொடங்கிய பால் பார்வைக்கு நல்ல பாலைப் போலவே இருக்கும். ஒன்று தப்பினாலும் தொட்டி முழுக்கப் பாழ்.

தொற்றுக்காலத்தில் சித்திக்கும் காய்ச்சல் வந்தது. லேசானதுதான். போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோறு அடிப்பிடித்து வீடே நாறியபோது சித்தி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சித்தி, கருகுது!"

"எங்கடா?" என்றார்.

வேலைக்குத் திரும்பும் நாளில் நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியது நான். வேலைதான் இன்னும் வாங்கவில்லை.

"மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க சித்தி."

"சொன்னா? மூக்கு இல்லாதவளுக்கு அங்க என்ன வேலை? வர்ற வரைக்கும் முகத்த வச்சு சமாளிச்சுக்கிறேன்."

"அந்தக் காலத்துல கெட்ட நாத்தம்தான் கொள்ளைநோயைக் கொண்டுவருதுன்னு நம்பினாங்க சித்தி. சில டாக்டருங்க மூக்குகிட்ட வாசனை மூலிகை வச்சுக்கிட்டுப் போவாங்களாம்."

"குடுத்து வச்சவங்க. வைக்கிறதுக்கு மூக்கு இருந்திருக்கு."

ஆறுதல் சொல்லத் தெரியாதபோது நான் படித்ததைச் சொல்லிவிடுகிறேன். அது யாருக்காக என்று பிறகு யோசிக்கிறேன்.

நிலையத்தில் விட்டபின் நான் கிளம்பாமல் ஓரமாக நின்று பார்த்தேன். முதல் சில கேன்கள் தொட்டிக்குப் போயின. அடுத்தது வக்கீல். அவரும் பால்காரர்தான். திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கேனுக்கும் வாதாடுவதால் அந்தப் பெயர். சித்தி குனிந்தார், நிமிர்ந்தார், சரி என்று தலையசைத்தார். வக்கீல் கேனைத் தூக்கவில்லை.

"நல்லா மோந்தீங்களாக்கா?"

"எப்பவும் போலத்தான்."

"இன்னொரு தடவை பாருங்களேன்."

பின்னால் நின்றவர் கத்தினார். "யோவ் வக்கீலு, ஜெயிச்ச கேஸுக்குமா அப்பீலு?"

சித்தி மறுபடி குனிந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, எனக்குப் போன வாரத்துலேர்ந்து ஒரு வாடையும் தெரியல. கேன் வேற வெயில்ல நின்னுடுச்சு. கெட்டிருந்தா நீங்க சொல்லிடுவீங்கன்னு நம்பித்தான் கொண்டுவந்தேன்."

சித்தி மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார். வக்கீலுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"எனக்கும் தெரியலப்பா. மேனேஜர் சாரைக் கூப்பிடுங்க."

மேனேஜர் வந்தார். டீ போடும் அடுப்பில் வக்கீலின் பாலைக் கொஞ்சம் காய்ச்சினார்கள். திரிந்தது. பிறகு தொட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் காய்ச்சினார்கள். சித்தி பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் வெள்ளையாகப் பொங்கியது. மேனேஜர் அடுப்பை அணைத்துவிட்டு அப்புறம்தான் பேசினார்.

"என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்மா."

"தப்புதான் சார்."

"மூக்கு வர்ற வரைக்கும் ஒவ்வொரு கேனையும் காய்ச்சிப் பாருங்க. ரொம்ப நாள் இப்படி ஓட்ட முடியாது, பாத்துக்குங்க."

வரிசை நீண்டது. பால்காரர்கள் முணுமுணுத்தார்கள். சித்தி தினமும் காய்ச்சினார். ஆனால் காய்ச்சுவதற்கு முன்னால் மூடியைத் திறந்து குனிவதை மட்டும் விடவில்லை. எதற்கு என்று கேட்டதற்கு, "நான் பாக்காதப்ப மூக்கு வந்துட்டுப் போயிடுச்சுன்னா?" என்றார்.

மழை தொடங்கியிருந்த ஒரு காலையில் வக்கீலின் கேனைத் திறந்தார். குனிந்தவரின் முகம் சுளித்தது. அப்படியே நின்று இன்னொரு முறை இழுத்து மோந்தார்.

"இது வேணாம். எடுத்துட்டுப் போ."

வாதாட வாயைத் திறந்த வக்கீல், வரிசையைப் பார்த்துத் திரும்பிக் கத்தினார். "சுளிச்சுட்டாங்கய்யா! அக்கா சுளிச்சுட்டாங்க!"

அடுப்பில் வைத்துப் பார்த்தார்கள். திரிந்தது. வக்கீல் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இது நேற்று வரைக்கும் நல்ல பால்தான் என்று வாசல்வரை வாதாடிக்கொண்டே போனார்.