கஞ்சிக் கிண்ணத்தில் வந்த கேசட்

எங்கள் கட்டடத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கீழே மளிகைக்கடை வைத்திருந்தவர் மலையாளி, முதல் மாடியில் பாகிஸ்தானி, மொட்டைமாடி அறையில் சூடானி. எங்களுக்குப் பக்கத்து ஃபிளாட்டில் இருந்தவர் யூகோஸ்லாவியாக்காரர். அந்த நாடு அப்போது உடைந்து துண்டுதுண்டாகிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. உலகப் படத்திலிருந்து அதை அழித்த பிறகும், வளைகுடாவில் அல் ஐன் ஊரில் எங்கள் மாடியில் மட்டும் அது பத்திரமாக இருந்தது.

எனக்கு ஒன்பது வயது, வீட்டுக்கு ஒரே பிள்ளை. வாப்பாவுக்குச் சந்தையில் துணிக்கடை. மதியம் வந்து சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நாலு மணிக்குப் போனால் ராத்திரிதான் வருவார். உம்மா கீழக்கரையில் பதினாலு உருப்படி இருந்த வீட்டில் வளர்ந்தவள். இங்கே கதவைத் தாழ்போட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். நானும் பள்ளிக்கூடம் போய்விட்டால் அவள் யார் முகத்தைப் பார்ப்பாள் என்று நான் யோசித்ததேயில்லை. பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்?

யூகோஸ்லாவியாக்காரர் நல்ல உயரம். நரைத்த முடியைப் பின்னால் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஹோட்டலில், சாப்பிடுகிறவர்களின் காது நோகாமல் கிதார் வாசித்துப் பாடுவது அவர் டூட்டி. யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கோடு மேசைக்குப் போய் அதையும் பாடவேண்டும். வாப்பா கடைக்குப் படியிறங்கிய கொஞ்ச நேரத்தில், எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தனியாக வாசிக்க ஆரம்பிப்பார். ஏசி ஓடாத குளிர்மாதங்களில் சுவர் இருப்பதே தெரியாது, அவ்வளவு தெளிவாகக் கேட்கும்.

நோன்பு மாதம் வந்தால் ஹோட்டலில் பாட்டு மாஃபி, கிடையவே கிடையாது. மாதம் முழுக்க அவருக்கு வேலை இல்லை. அவர் வீட்டிலிருந்து சமையல் வாசனையே வரவில்லை என்பதை உம்மாதான் கண்டுபிடித்தாள்.

“ஒரு மனுசன் அடுப்பப் பத்த வைக்காமக் கெடக்குறாரு. நமக்கு மட்டும் கஞ்சி எறங்குமாக்கும்?” என்று மூடி போட்ட கிண்ணத்தில் நோன்புக் கஞ்சியை ஊற்றி, மேலே நாலு வடையும் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அவர் அதை சூப் என்று நினைத்துக் கரண்டியால் குடித்தார். கிண்ணத்தைப் பளபளவென்று கழுவித் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வரக்கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவார்கள். “போவுது, ஆம்பளைக்கு என்ன தெரியும்” என்று உம்மா மன்னித்துவிட்டாள். நான்தான் பெரிய மனுஷி மாதிரி மறுநாள் அவரிடம் இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். ஏதோ குற்றம் செய்துவிட்டவர்போல அவர் முகம் சிவந்துபோய்விட்டது. அதிலிருந்து கிண்ணத்தில் தினம் ஏதாவது வரும். ஒரு நாள் ஆரஞ்சு, ஒரு நாள் பிஸ்கட், இன்னொரு நாள் ஹோட்டல் பெயர் அச்சடித்த குட்டி சோப்பு. உம்மா அதை வைத்துக்கொண்டு சிரித்துத் தீர்த்தாள்.

வைக்க ஏதாவது அவர் தேடுகிற நேரத்தில் நான் வாசலில் நின்று சுவரிலிருந்த படங்களைப் பார்ப்பேன். அப்படித்தான் அவர் கதை தவணை தவணையாக எனக்குக் கிடைத்தது. பையனாக இருந்தபோது வீட்டு ரேடியோவைப் பிரித்து கிதாருக்கு ஒலிபெருக்கி செய்து, ஷாக் அடித்து மயங்கி விழுந்தாராம். பிறகு நாலு பேராக ஒரு ராக் குழு. கல்யாண வீடுகளில் ஆரம்பித்து விளையாட்டரங்கம் வரை போனார்கள். இசைத்தட்டு போட்டார்கள், டிவியில் வந்தார்கள், ரயிலேறி ஊர் ஊராகப் பாடினார்கள். ஓர் ஊரில் ரசிகர்கள் அவர் சட்டையைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்களாம். “வீட்டில் அடி விழவில்லையா?” என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். ஒரு படத்தில் கண்ணுக்கெட்டிய வரை தலைகள். அத்தனை பேரும் தன் பாட்டைக் கேட்க வந்தவர்கள் என்றார். நான் நம்பவில்லை. அவ்வளவு கூட்டம் பெருநாள் தொழுகைக்குத்தான் கூடும்.

பிறகு அவர்கள் நாட்டில் சண்டை வந்தது. ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். ஓர் ஊரில் கைதட்டிய பாட்டை அடுத்த ஊரில் பாடினால் கல்லெறிந்தார்கள். டிரம் வாசித்தவரின் படத்தில் விரலை வைத்து, “ஹி இஸ் ஃபினிஷ்” என்றார். எனக்குப் புரியவில்லையோ என்று, “கலாஸ்” என்று அரபியிலும் சொன்னார். டிரம் வாசிப்பதை விட்டுவிட்டார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவர் வீட்டில் ஒன்றுமே இல்லை. அலமாரியைத் திறந்தார், ஃபிரிட்ஜைத் திறந்தார். கடைசியில் புத்தகத் தட்டிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் கிண்ணத்துக்குள் வைத்து, “கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று சொல்” என்றார். பாத்திரம் வெறுமையாகப் போகக்கூடாது என்கிற பாதியைத்தான் அவருக்கு நான் சொல்லியிருந்தேன். பாத்திரத்தில் வந்தது வந்த வீட்டுக்குச் சொந்தம், அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்கிற மறுபாதி எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதே இல்லை. அது சோறு மாதிரி, தானாகத் தெரிவது.

வாப்பா வீட்டிலிருந்த வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக் கேட்டோம். ஒரே இடி முழக்கம், நடுவே பக்கத்து வீட்டு மனிதரின் குரல் தொண்டை கிழியக் கத்தியது. “யாரையோ கட்டிவச்சு உதைக்கிறானுவபோல” என்றார் வாப்பா. “நோன்பும் அதுவுமா, அமத்துங்க” என்றாள் உம்மா. பாட்டு கூடாது என்பதில் அவள் கண்டிப்பானவள். சுவர் வழியாக வருவதை மட்டும் ஏனோ அவள் கணக்கில் சேர்க்கவில்லை. கேசட் ஃபிரிட்ஜின் மேல் போய் உட்கார்ந்தது.

பெருநாள் நெருங்கியது. கடையில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர், நான் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ஒருவர், லீவில் கிளம்பினார். யாராவது ஊருக்குப் போனால் உம்மா கேசட்டில் பேசி, கீழக்கரையில் இருக்கும் தன் ராத்தாவுக்கு, அதாவது என் பெரியம்மாவுக்கு, கொடுத்தனுப்புவாள். பெரியம்மா அதே கேசட்டில் பதில் பேசி அனுப்புவாள். இந்தத் தடவை புதுக் கேசட் வாங்கிவரச் சொல்லி உம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பெருநாள் வியாபாரத்தில் வாப்பாவுக்கு வீடு இருப்பதே மறந்திருந்தது, நோன்பு திறப்பதும் கடையிலேயே. உம்மா ஃபிரிட்ஜின் மேலிருந்ததை எடுத்தாள். முதுகிலிருந்த இரண்டு ஓட்டைகளிலும் காகிதத்தை மடித்துத் திணித்தாள். அப்படிச் செய்தால் எந்தக் கேசட்டிலும் பதியும் என்பது வளைகுடாவில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். சாயங்காலம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நான் ஹாலில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கேசட் விமானம் ஏறியது.

பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில் யூகோஸ்லாவியாக்காரர் முதன்முறையாக எங்கள் கதவைத் தட்டினார். ஹோட்டலில் அவருக்குப் பதில், ஆடவும் தெரிந்த பிலிப்பினோக் குழு ஒன்றைப் போட்டுவிட்டார்களாம். ஆனால் அவர் முகத்தில் அந்தக் கவலையே இல்லை. பழைய குழுவில் பேஸ் கிதார் வாசித்த நண்பர் வியன்னாவிலிருந்து போன் செய்திருந்தார். கேசட்டோடு உடனே வா, இசைத்தட்டாகப் போட ஒரு கம்பெனி தயார் என்று. நாலு பேரும் சேர்ந்து கடைசியாகப் பாடியது, இன்னும் வெளிவராதது, அதில்தான் இருந்தது.

“கேசட், ப்ளீஸ்” என்று கையை நீட்டினார்.

வாப்பா என்னைப் பார்த்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்த உம்மாவைப் பார்த்தேன். வாப்பாவின் இங்கிலீஷ் துணி விற்கப் போதும், இதைச் சொல்லப் போதவில்லை. கையால் அழித்துக் காட்டி, வாயைத் தொட்டுக் காட்டி, “இந்தியா” என்று விமானத்தையும் காட்டினார். அந்த மனிதருக்குப் புரிய நேரமானது. வேறு பிரதி இருக்குமே என்று வாப்பா கேட்டார். இல்லை. பதிவுசெய்த கட்டடமே இப்போது இல்லை. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஒருவேளை ஏதாவது மிச்சம் இருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வாப்பா கீழக்கரைக்குப் போன் போட்டார். பெரியம்மா பதில் பேச அன்றைக்குத்தான் உட்காரப் போகிறாளாம். “அதுல ஒரு வார்த்தையும் பதிஞ்சிராதீங்க, அப்படியே குடுத்தனுப்புங்க” என்று வாப்பா கத்திய கத்தலில் கட்டடமே கேட்டிருக்கும். உம்மா அன்று சாப்பிடவில்லை. “ஒரு மனுசன் உசுரோட வச்சிருந்ததை இந்தக் கையால அழிச்சுட்டேனே” என்று அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் வாசிப்பு நின்றுபோனது. பெட்டி கட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் விசா முடிவதற்குள் காக்கா திரும்பி வந்துவிட வேண்டுமே என்று நானும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்டேன்.

காக்கா வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து, யூகோஸ்லாவியாக்காரர் எங்கள் ஹாலில் தரைவிரிப்பில் உட்கார்ந்தார். சொந்தக்காரர் அல்லாத ஆண் ஒருவர் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உம்மா படுக்கையறைத் திரைக்குப் பின்னால் இருந்தாள். வாப்பா டேப்பைப் போட்டார்.

உம்மாவின் குரல் வந்தது. சலாம், நலம் விசாரிப்பு, யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்கு நிச்சயமானது. எங்கே தன் பாட்டு தலைகாட்டுமோ என்று அவர் டேப்பை முன்னால் ஓட்டாமல் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். ஒரு பக்கம் முழுக்க உம்மாதான். திருப்பிப் போட்டார்கள். அந்தப் பக்கம் உம்மாவின் குரல் தணிந்திருந்தது.

“இங்க எல்லாம் இருக்கு ராத்தா, பேசத்தான் ஆளில்ல. புள்ள ஸ்கூலுக்குப் போனப்பொறம் ஃபிரிட்ஜ் ஓடுற சத்தம் நின்னாக்கூடப் பயமா இருக்கு. சில நாளு நானே சத்தமாப் பேசிப் பாத்துக்குவேன், குரல் இருக்கான்னு. அவுககிட்ட இதச் சொல்லிராதீங்க. எனக்காகத்தானே கெடந்து ஒழைக்கிறாக, வருத்தப்படுவாக.” கொஞ்சம் நிறுத்தி, “இருங்க, இதக் கேளுங்க” என்றாள். அப்புறம் பேச்சே இல்லை. டேப் ரெக்கார்டரைச் சுவரோரம் கொண்டுபோயிருக்கிறாள். தூரத்தில், ஒற்றைக் கிதார்.

அவர் நிமிர்ந்தார். “இது நான்” என்றார். கேசட்டில் முன்பு இருந்த அதே பாட்டைத்தான் டிரம் இல்லாமல், மற்றவர்கள் இல்லாமல், தனியாக வாசித்திருக்கிறார். ரொம்ப நேரம் அது ஓடியது. முடிந்ததும் உம்மா, “தெனம் இவருதான் எனக்குத் தொணை” என்று சொல்லி, சலாம் சொல்லி முடித்தாள். சட்டென்று ஒரு சத்தம். அழியாமல் தப்பிய வால் அங்கே இருந்தது. யாரோ ஒருவர் அவர்கள் பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று உரக்க எண்ணுகிறார், குச்சிகள் தட்டுகின்றன, கிதார்கள் எல்லாம் சேர்ந்து எழும்புகின்றன, டேப் தீர்ந்துவிடுகிறது.

“அவன்தான் எண்ணுவது. டிரம்மர்” என்றார். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். மறுபடியும். கண்ணைத் துடைத்துக்கொள்ளவே இல்லை. இசைத்தட்டுப் போட அதில் ஒன்றும் மிச்சமில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனாலும் அந்த எண்ணிக்கை வேண்டும், கேசட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று வாப்பாவிடம் கேட்டார்.

வாப்பா தடுமாறினார். வீட்டுப் பெண்ணின் குரல் வாசலைத் தாண்டக்கூடாது என்று நினைக்கிற குடும்பம் எங்களுடையது. சந்தையிலிருக்கும் கேசட் கடையில் அந்தக் கடைசித் துண்டை மட்டும் வேறொன்றில் பதிந்து தரலாம் என்று ஆரம்பித்தவர், கடைக்காரர்கள் எல்லோரும் முன்பகுதியைக் கேட்பார்களே என்று பாதியில் நிறுத்தினார். யூகோஸ்லாவியாக்காரருக்கும் சங்கடம் புரிந்திருக்க வேண்டும். உங்கள் மனைவி பேசியதை நான் அழித்துவிட்டு எடுத்துப் போகிறேன் என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. “அழிச்ச வரைக்கும் போதும். கை தவறி மிச்சமும் போயிரும். அப்படியே கொண்டுபோகச் சொல்லுங்க. என் பேச்சு அவருக்குப் புரியவா போவுது.”

அப்படியே கொண்டுபோகலாம் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். டேப்பில் கேட்ட குரலை அவர் அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து, திரையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, இவ்வளவு நேரம் என்னதான் பேசியிருக்கிறார் என்று வாப்பாவிடம் கேட்டார்.

“ஃபேமிலி… குக்கிங்…” என்றார் வாப்பா.

அவர் போய் வெகுநேரமாகியும் வாப்பா காலி டேப் ரெக்கார்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நாலு மணி தாண்டிவிட்டது. கடை திறக்க வேண்டாமா என்று கேட்டேன். கிடக்கட்டும் என்றார். பூங்காவுக்குப் போவோமா, உம்மாவையும் கிளம்பச் சொல் என்றார். கேசட் கிடைத்த சந்தோஷம்தான் காரணம் என்று நினைத்து நான் குதித்தேன்.

பூங்காவில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் ஊஞ்சலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். உம்மா தலை குனிந்திருந்தாள். வாப்பா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, வெளியிடத்தில் ஒருநாளும் செய்யாத காரியமாக, உம்மாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உம்மா அழ ஆரம்பித்தாள். சண்டை வந்துவிட்டது என்று பயந்து, இருட்டும்வரை நான் ஊஞ்சலை விட்டு இறங்கவே இல்லை.