முப்பிடாதி டிவியில் வாயைத் திறந்த கதை

தாராவியில் ஊர்ச் சங்கத்து வீடு எது என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். மர பால்கனியும் பூ வேலை செய்த வாசல் வளைவுமாக, அந்தக் காலத்துச் சேட் ஒருவர் தம் குடும்பத்துக்கென்று கட்டிய வீடு. பிறகு, திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊரிலிருந்து பிழைக்க வந்த ஆண்பிள்ளைகள் தங்க, சங்கத்துக்கு வாடகைக்கு வந்தது. பேரன் சேட் ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார். குடும்பம் எதுவும் அங்கே குடியிருக்கக் கூடாது. இருந்தால் அன்றைக்கே பூட்டு.

அந்த வீட்டில்தான் முப்பிடாதியம்மாள் பல வருஷமாக மகளோடு குடியிருந்தாள்.

அவள் புருஷன் பூலோகம் தோல் கிடங்கில் வேலை பார்த்தவன். மஞ்சள் காமாலையில் அவன் போனபின், சங்கச் செயலாளர் வானமாமலைதான் அவளைச் சமையலுக்கு வைத்து, அடுக்களைக்குப் பின்னாலிருந்த அறையையும் கொடுத்தார். சேட்டிடம் சொன்னது வேறு: சமையல்காரி காலையில் வருவாள், சாயங்காலம் போய்விடுவாள். சேட்டின் வெள்ளை வேட்டி சந்து முனையில் தெரிந்தால் போதும், மகள் பூமாரி புத்தகப் பையோடு பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு மெஹராஜிடம் போய்விடுவாள்.

"என்ன புள்ள, ஒங்க மாமனார் வந்தாச்சா?" என்று மெஹராஜ் கேலி பண்ணிக்கொண்டே டீ போட்டுக் கொடுப்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் டிவிக்காரர்கள் பழைய வீடுகளைப் படம் பிடிக்க வந்தார்கள். பால்கனியைப் பிடித்தார்கள், வளைவைப் பிடித்தார்கள், அப்புறம் அடுக்களைக்கு வந்தார்கள். தமிழ் தெரிந்த பெண் ஒருத்தி மைக்கை நீட்டி, "நீங்க இங்க சமையலுக்கு வந்து போறவங்களா?" என்று கேட்டாள்.

முப்பிடாதிக்குச் சுருக்கென்றது.

"வந்து போறவளா? நல்லாக் கேட்டியே! எம் மவ இந்த வீட்லதான் வளந்தா, இந்த வீட்லதான் பெரிய மனுஷி ஆனா. இந்தா, இந்த மூலையிலதான் ஓலை கட்டி உக்கார வச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் வானமாமலை தலையில் கை வைத்து நிற்பது தெரிந்தது.

"எல்லாத்தையும் போட்டு உடைச்சிட்டியே, தாயி! டிவிக்காரன் இத மராத்தியில அப்படியே சொல்லுவான். சேட்டுக்கு மராத்தி அத்துப்படி."

"உள்ளதத்தான சொன்னேன், அண்ணாச்சி." வீம்பு போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை.

படம் போடும் நாளன்று சங்கக் கூடத்து டிவி முன்னால் சந்தே திரண்டது. தம் வீட்டைப் பார்க்கச் சேட்டும் வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். வாசல் வளைவு வந்ததும் நிமிர்ந்துகொண்டார். அடுத்து முப்பிடாதி வந்தாள்.

"அக்கா, மூக்குத்தி என்னமா மின்னுது!" என்று கத்தினான் சங்கத்தில் தங்கியிருந்த சொரிமுத்து.

திரையில் அவள் வாய் அசைந்தது, கை மூலையைக் காட்டியது. குரலைத்தான் காணோம். யாரோ ஒருவர் மராத்தியில் தேக்கு உத்திரத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனார்.

சேட் திரும்பினார். "பாயி க்யா போல்தி ஹை?" இந்த அம்மாள் என்ன சொல்கிறாள் என்று வானமாமலையைக் கேட்டார்.

மெஹராஜ் முப்பிடாதியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வானமாமலை கண் இமைக்காமல் இந்தியிலேயே சொன்னார், அந்த மூலையில் அடுப்பு வைத்த உங்கள் தாத்தா ரொம்பக் கெட்டிக்காரர் என்கிறாள் என்று.

சேட்டின் முகம் மலர்ந்துவிட்டது. பின்னால் திரும்பி அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள். சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

சேட் போனதும் வானமாமலை விரலை ஆட்டினார். "இனிமே டிவிக்காரன் வந்தா நீ வாயத் தொறக்கப்படாது, ஆமா."

"கேட்டா சொல்லத்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு முப்பிடாதி அறைக்குப் போனாள். காலையிலேயே சட்டி பானைகளை மூட்டை கட்டி வைத்திருந்தாள். அதை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் கவிழ்த்தாள்.