ஒரு தூணுக்கு மட்டும்

பழத்தட்டை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். தியாகராய நகரில் ஒரு தொழிலதிபரின் வீட்டு வரவேற்பறை. மடியில் பொன்னாடையுடன் மேடம் காத்திருந்தார். எங்கள் பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வளாகத்தில் மேடம் வகுப்பெடுத்த பழைய மண்டபத்தின் தேக்கு உத்திரங்கள் உளுத்துவிட்டன, அடுத்த மழைக்குக் கூரை தாங்காது என்று பொறியாளர்கள் கைவிரித்திருந்தார்கள். முன்னாள் மாணவர்களிடம் நன்கொடை கேட்க மேடத்தை அழைத்துப் போவது என் வேலை.

மேடத்துக்குக் கைவந்த வித்தை ஒன்று உண்டு. எந்தப் பணக்காரரைப் பார்த்தாலும், வகுப்பில் அவர் உட்கார்ந்த இடம்கூட நினைவிருப்பதாகச் சொல்வார். ஆள் உருகிப்போவார். உண்மையில் மேடத்துக்கு ஒருவரையும் நினைவிருக்காது. ஆனால் காசோலை வந்துவிடும்.

அன்றும் சொன்னார். "நீ முதல் பெஞ்சுல உக்காந்துண்டு கண் கொட்டாம கேப்பியே, நன்னா ஞாபகம் இருக்கு."

மேடம் நீட்டிய பொன்னாடையைத் தொழிலதிபர் தொடவில்லை. "நான் உள்ள உக்காந்ததே இல்ல மேடம். சைதாப்பேட்ட பாஷைய வெளிய வெச்சுட்டு வான்னு வராண்டா தூணாண்ட நிக்க வெச்சீங்க. வருசம் பூரா நின்னுகினு இருந்தேன். அந்தத் தூணு இன்னும் கீதா?"

"இருக்கு," என்றார் மேடம்.

"அப்ப அதுக்கு மட்டும் துட்டு தரேன்."

சொன்னபடியே செய்தார். தூணுக்குச் சுண்ணாம்புப் பூச்சு, மெருகு, அவர் பெயர் பொறித்த கருங்கல் பலகை. கூரைக்கும் கொடுங்கள் என்று துணைவேந்தரே கெஞ்சியும் மசியவில்லை. திறப்பு விழாவன்று மேடத்தைத் தூணருகே நிறுத்திப் படம் எடுத்தார்கள். "இங்கயே நில்லுங்க மேடம்," என்று சொல்லிவிட்டுத் தொழிலதிபர் பந்தலுக்குள் போய்விட்டார். பேச்சுகள் முடியும்வரை மேடம் அங்கேயே நின்றார். ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை.

ஐப்பசி மழையில் கூரை விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாருமில்லை. இப்போது அங்கே தகரத் தடுப்பு போட்டிருக்கிறார்கள். இடிபாடுகளுக்கு முன்னால் அந்தத் தூண் மட்டும் பளபளவென்று நிற்கிறது. இவர்கள் இருவருக்கும் அந்த மண்டபம் என்ன கெடுதல் செய்தது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். மேடமாவது மனம் ஒடிந்து கிடப்பார் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் மயிலாப்பூர் மாட வீதியில் காய் வாங்கிக்கொண்டிருந்தார். கூரை விழுந்ததைப் பற்றி நான் பேச்செடுத்தேன்.

"அதை விடு. அந்தப் பையன் யாருன்னுதான் எனக்கு இன்னும் ஞாபகமே வரலை. அங்க எத்தனையோ பேரை நிக்க வெச்சிருக்கேன்," என்றார்.

சொல்லிவிட்டு ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார்.