எல்வானி வாசலில் நின்று கூப்பிட்டாள்

ஜாக்மெல் ஊரில் எங்கள் பட்டறையில் எல்வானி மாதிரி முகமூடி செய்ய ஆளில்லை என்று சொன்னால் அது பொய். அவள் செய்த முதல் புலி பூனை மாதிரிதான் இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் வெறியோடு வேலை செய்தாள். சிமெண்டுக் காகிதப் பையைக் கிழித்து, மரவள்ளி மாவுப் பசை தடவி, களிமண் அச்சின்மேல் ஒட்டிக்கொண்டே இருப்பாள்.

"என்னடி, பேய் பிடிச்சவ மாதிரி? சாப்பிட்டுட்டு ஒட்டேன்."

"வேலை நிலைச்சாத்தான் பிள்ளை வீட்டுக்கு வருவான் அக்கா."

புயல் கூரையைக் கொண்டுபோன வருஷம் அவள் புருஷன் கரும்பு வெட்ட எல்லை தாண்டினான். போனவன் போனவன்தான். மகன் ஜுவனெலுக்குப் பட்டினியில் வயிறு வீங்கிவிட்டது. அனாதை விடுதி நடத்தும் மதாம் ஃபெலிசியா தேன் ஒழுகப் பேசினாள்: "உனக்கு ஒரு வேலை கிடைக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டும். அப்புறம் வந்து கூட்டிட்டுப் போ."

வேலை கிடைத்தது, நிரந்தரமும் ஆனது. கூட்டிவரப் போனவளுக்கு விடுதிக் கதவு மட்டும் திறக்கவில்லை. மறுபடி போனாள், அப்போதும் திறக்கவில்லை. அப்புறம்தான் அங்கே துணி துவைக்கிறவள் பட்டறைக்கு ஓடிவந்து சொன்னாள்: வெளிநாட்டுத் தம்பதி வந்திருக்கிறார்கள், ஜுவனெலைத் தத்தெடுத்து இன்றைக்கே கொண்டுபோகிறார்கள்.

எல்வானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பசைக் கையைக் கழுவக்கூட விடாமல் நான்தான் அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

காவல்காரன் கதவிடுக்கில் முகத்தை மட்டும் காட்டினான். "அந்தப் பையன் இங்க இல்ல. தலைநகருக்கு அனுப்பியாச்சு." சாத்திவிட்டான்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் இரண்டடி தள்ளி நின்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"ஒனே!"

யார் வீட்டு வாசலிலும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். உள்ளே இருப்பவர்கள் "ரெஸ்பே" என்று சொன்னால்தான் படி ஏறலாம். முன்பு வேலை தேடி அலைந்து வரும்போது தன் குடிசை வாசலிலேயே அவள் இப்படிக் கூப்பிட்டு மகனோடு விளையாடுவாளாம்.

சத்தமில்லை. மறுபடி கூப்பிட்டாள். குரல் உடைந்தது.

"ரெஸ்பே!" உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல்.

அதற்குமேல் எனக்கு ஏது பொறுமை? "உள்ளருந்து பதில் வந்தாச்சு, வழிய விடுய்யா," என்று கதவைத் தள்ளினேன். என் உடம்புக்கு அந்த ஒல்லிப்பிச்சான் காவல்காரன் எம்மாத்திரம்.

முற்றத்தில் தம்பதியும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் நின்றார்கள். ஜுவனெலின் கை அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கையில் இருந்தது. புதுச் சட்டை, புதுச் செருப்பு. மதாம் கொஞ்சமும் பதறவில்லை.

"இவ பைத்தியம். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் என் பிள்ளைன்னு வந்து நிப்பா. நீயே சொல்லு ஜுவனெல், உன் அம்மா எங்க?"

பையன் எல்வானியைப் பார்த்தான். சுவரில் தொங்கிய தோல்வாரைப் பார்த்தான். பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான்: "என் அம்மா செத்துட்டாங்க."

படுபாவி, பிள்ளைக்கு என்ன பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! மதாமின் கொண்டையைப் பிடிக்க நான் பாய்ந்தேன். எல்வானி என்னைத் தள்ளிவிட்டு மகன் முன்னால் மண்டியிட்டாள். பசையும் சாயமும் காய்ந்த கைகளை நீட்டினாள்.

"சரிடா கண்ணு. செத்தவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. தினமும் பயறு போட்டுச் சோறாக்குறா. வா, வீட்டுக்குப் போலாம்."

மொழிபெயர்ப்பாளர் தம்பதியிடம் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் முகம் வெளிறி மதாமைப் பார்த்தாள். பிறகு பையனின் கையை விட்டாள். "டேய், நில்லுடா," என்றாள் மதாம். அவன் நிற்கவில்லை.

தெருமுனை தாண்டினோம். ஜுவனெல் அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

"இனிமே நீ செத்துட்டன்னு சொல்ல வேண்டாமாம்மா?"

எல்வானி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வேண்டாம்டா," என்று நான்தான் சொன்னேன்.